விழுந்த நெல்லும் வெட்டு இயந்திரமும்

காலபோகத்தின் கடைசி வாரங்களில் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போவது எமக்குப் புதியதல்ல. கதிர் முற்றிச் சரிந்திருக்கும் வேளையில் தை மாதத்து மழை ஒன்று காற்றோடு வந்தால் போதும். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற பயிர் மறுநாட் காலையில் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடக்கும். சேறு காயுமுன்னே பக்கத்து வெளியில் இயந்திரம் வந்துவிட்டது என்ற செய்தி வரும். இன்று விட்டால் இனி எப்போது வருமோ என்ற பயத்தில் ஓடிப்போய் மறித்துக் கூட்டி வருகிறோம். வந்த இயந்திரம் ஓடுகிறது. நாம் வரம்பில் நின்று பார்க்கிறோம். முடிந்ததும் மூடைகளை எண்ணுகிறோம். குறைந்தால், “மழை கெடுத்துப் போட்டுது” என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

மழை கெடுத்தது உண்மைதான். ஆனால் கெட்டதெல்லாம் மழையால் கெட்டதல்ல என்பதே நாம் இங்கு சொல்ல விரும்புவது. விழுந்த பயிரிலிருந்து வீடு வந்து சேரவேண்டிய நெல்லில் ஒரு பங்கு இயந்திரத்தின் வாயிலேயே கொட்டுண்டு போகிறது. எந்தத் திசையிலிருந்து வெட்டுவது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது, பயிரை எவ்வளவு ஒழுங்காக உள்ளே கொடுப்பது என்பவை அந்தப் பங்கைத் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சாரதியிடமும் வாடகைக் கடிகாரத்திடமும் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது சரியல்ல. வயல் எம்முடையது, அல்லது நாம் குத்தகை கொடுத்து எடுத்தது. ஆகவே அந்த வேகத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் எமக்கே உரியது.

கைவிட்டுப்போன அறிவு

அருவி வெட்டு என்பது எம்மவர்க்கு ஒருகாலத்தில் கைப்பழக்கமாக இருந்த அறிவு. விழுந்த நெல்லை எந்தப் பக்கம் நின்று பிடித்தால் கதிர் சிந்தாது, உப்பட்டியை எவ்வளவு நேரம் காயவிடலாம், சூடு எங்கே வைப்பது, மாடு விட்டு மிதிக்க எத்தனை பேர் வேண்டும் என்பவையெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் உரமும் கிடைக்காதிருந்தபோது அந்த அறிவுதான் எம்மைக் காப்பாற்றியது. உழவு இயந்திரங்கள் கொட்டிலில் உறங்கின. மாடுகள் மீண்டும் களத்துக்கு வந்தன.

பின்னர் வந்த இடப்பெயர்வுகள் அதையும் உடைத்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்கள், 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 2008 இலும் 2009 இலும் வன்னி முழுவதையும் கடந்து கடற்கரை வரை நடந்தவர்கள் என எம்மில் பலர் ஒரு தடவை அல்ல, பல தடவை விதைத்த வயலை அறுக்காமல் விட்டு வந்தவர்கள். மாடுகள் போயின, ஏர் போயிற்று, இயந்திரங்கள் தெருவோரங்களில் கைவிடப்பட்டன. செட்டிகுளத்து முகாம்கள் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை கூடாரங்களில் இருந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். திரும்பி வந்து காடு வெட்டி வரம்பு கட்டியபோது, அறுப்பதற்கு ஆள் இல்லை. பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். பல வீடுகளில் அம்மா ஒருவரே கமக்காரர். அந்த இடைவெளியில்தான் வெட்டு இயந்திரம் வந்தது.

ஆகையால் இயந்திரத்தை வைவதற்கு நாம் இதை எழுதவில்லை. ஆனால் அரிவாளைப் பற்றி நாம் அறிந்திருந்த அளவுக்கு இயந்திரத்தைப் பற்றி அறிந்திருக்கிறோமா என்பதே கேள்வி. அறியாதவனுக்கு வரம்புதான் இடம். அறிந்தவன் வயலுக்குள் இறங்கிப் பேசலாம்.

இயந்திரம் எப்படி உண்கிறது?

எமது பகுதிகளில் ஓடும் இறப்பர்ச் சங்கிலி பூட்டிய இயந்திரங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 2 மீற்றர், அதாவது ஆறரை அடி அகலத்துக்கு வெட்டுபவை. முன்னால் சுழலும் சட்டத்தைச் சாரதிமார் றீல் என்பார்கள். அதிலுள்ள கம்பி விரல்கள் பயிரைப் பிடித்துக் கத்தியின் பக்கம் சாய்க்கின்றன. கத்தி வெட்டுகிறது. வெட்டுண்ட பயிர் தட்டில் விழ, அங்கே குறுக்காகச் சுழலும் திருகு உருளை அதனை ஒரு பக்கத்துக்குச் சேர்க்கிறது. அவ்வுருளையிலுள்ள விரல்கள் உள்ளும் வெளியுமாக அசைந்து, சேர்ந்த பயிரைப் பின்னே தள்ளுகின்றன. அங்கிருந்து ஏற்றுச் சங்கிலி அதனை மேலே இழுத்துச் சூடடிக்கும் உருளைக்குக் கொடுக்கிறது. பிறகு அரிதட்டும் காற்றாடியும் தம் வேலையைச் செய்கின்றன.

நிமிர்ந்து நிற்கும் பயிரில் இந்தப் பயணம் ஒரே சீராக நடக்கும். ஆறரை அடி அகலமும் ஒரு மெல்லிய விரிப்பைப் போல உள்ளே போகும். விழுந்த பயிரில் நிலைமை வேறு. கதிர்கள் கத்தி ஓடும் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. றீல் அவற்றை எடுக்காவிட்டால் கத்தி மேலே வெறும் தாளை வெட்டிக்கொண்டு போகும். கதிர் நிலத்தில் தங்கிவிடும். எடுத்தாலும், ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பயிர் விரிப்பாக வராமல் கட்டி கட்டியாக வரும். ஒரு கணம் வாயில் ஒன்றும் இல்லை. மறுகணம் ஒரு பெரிய கவளம். அப்போதுதான் உருளை முனகும், பெல்ட் வழுக்கும், மணி கழராத கதிர் வைக்கோலோடு பின்னால் போகும். இன்னும் கொஞ்சம் போனால் அடைத்து நின்றுவிடும். ஈர வைக்கோல் என்றால் திருகு உருளையில் கயிறு சுற்றியதுபோலச் சுற்றிக்கொள்ளும்.

பின்னால் நெல் பறக்கிறது என்று சொல்லிக் காற்றாடியையும் அரிதட்டையும் குறை சொல்லுகிறோம். விழுந்த பயிரில் முதலிற் பார்க்கவேண்டியது முன்பக்கத்தை. வாய் ஒழுங்காக உண்ணாவிட்டால் வயிறு என்ன செய்யும்?

இருபது மணி, ஒரு புசல்

எவ்வளவு போகிறது என்று தெரியாமல் வாதம் செய்வதில் பயனில்லை. தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். நாலு தடியைக் கட்டி உட்பக்கம் ஓரடிக்கு ஓரடி வரும்படி ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் 43,560 சதுர அடி உண்டு. நடுத்தர அளவுள்ள நாட்டு நெல்லில் 1,000 மணி ஏறக்குறைய 24 கிராம் நிறுக்கும். இதன்படி கணக்குப் பார்த்தால், ஒரு சதுர அடியில் 20 மணி கிடந்தால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 21 கிலோ, அதாவது ஒரு புசல் நெல் மண்ணில் கிடக்கிறது. சிறுமணிச் சம்பா என்றால் ஒரு புசலுக்குச் சுமார் 30 மணி என்று கொள்ளலாம்.

தப்பிய கதிரையும் மறக்கக்கூடாது. ஒரு கதிரில் 100 மணி என்று வைத்தால், ஐந்து சதுர அடிக்கு ஒரு கதிர் வெட்டுப்படாமல் கிடந்தாலும் அதுவும் ஏக்கருக்கு ஒரு புசல்தான். ஐந்து சதுர அடிக்கு ஒரு கதிர் என்பது வரம்பில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எண்ணும் முறை இது. முதலில் வெட்டாத பயிருக்குள் சட்டத்தை வைத்து, மழையாலும் காற்றாலும் ஏற்கெனவே உதிர்ந்த மணியை எண்ணுங்கள். பிறகு இயந்திரத்தைச் சில யார் ஓடவிட்டு நிறுத்தி, தன் நீளத்துக்குப் பின்னே எடுக்கச் சொல்லுங்கள். அது நின்ற இடத்தில் வைக்கோல் விழாத ஒரு துண்டு நிலம் தெரியும். அங்கே மூன்று நாலு இடங்களில் சட்டத்தை வைத்து எண்ணி, முன்னர் எண்ணியதைக் கழித்தால் வருவது இயந்திரத்தின் வாய் சிந்தியது. கடைசியாகப் பின்னால் வைக்கோலை உதறிவிட்டு எண்ணி, மேலே சொன்ன இரண்டையும் கழித்தால் வருவது வயிறு சிந்தியது. வைக்கோல் விழும் பட்டை வெட்டிய அகலத்தில் பாதி என்றால், அந்தக் கடைசி எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இந்த வேலைக்குக் கால் மணித்தியாலம் போதும். முதல் ஓட்டத்தில் இதைச் செய்தால் மழை கெடுத்தது எவ்வளவு, இயந்திரம் கெடுப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லமுடியும். சாரதியோடு சண்டை பிடிக்கவும் தேவையில்லை. சட்டத்தைக் காட்டினால் போதும்.

வேகத்தின் கணக்கு

இரண்டு மீற்றர் அகலத்துக்கு வெட்டும் இயந்திரம் ஓர் ஏக்கரை முடிக்க ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஓடவேண்டும். மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், திரும்பும் நேரத்தைச் சேர்க்காமல், அரை மணித்தியாலம். மணிக்கு 2 கிலோமீற்றரில் ஓடினால் ஒரு மணித்தியாலம். ஆக, வேகத்தைச் சரிபாதியாகக் குறைப்பதால் ஏக்கருக்குக் கூடும் நேரம் அரை மணித்தியாலமே.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. அந்த விலையில் ஒரு புசல் சுமார் 2,500 ரூபா. மெதுவாக ஓடியதால் சதுர அடிக்கு 60 மணி மிச்சப்பட்டால் மூன்று புசல், 7,500 ரூபா. அந்த அரை மணித்தியாலத்துக்குக் கூடுதலாக என்ன கொடுக்கலாம் என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வாடகையை வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். விழுந்த வயலில் அவசரம் மலிவானதல்ல என்பது தானாகவே தெரியவரும்.

வேகத்தை அறிய 20 மீற்றர் தூரத்துக்கு இரண்டு தடி நட்டுக்கொள்ளுங்கள். அதைக் கடக்க 18 செக்கன் எடுத்தால் மணிக்கு 4 கிலோமீற்றர். 36 செக்கன் எடுத்தால் 2 கிலோமீற்றர்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். மெதுவாக ஓட்டச் சொல்லும்போது எஞ்சினின் வேகத்தைக் குறைக்கச் சொல்லக்கூடாது. எஞ்சின் இறங்கினால் கத்தியும் உருளையும் ஏற்றுச் சங்கிலியும் காற்றாடியும் எல்லாம் சேர்ந்து இறங்கும். அடைப்பு இன்னும் கூடும். எஞ்சின் வழக்கமான முழு வேகத்திலேயே இருக்கவேண்டும். நிலத்தில் ஓடும் வேகம் மட்டும் குறையவேண்டும். டீசலை மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை இறக்கி ஓட்டுபவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வயலுக்குள் இறங்குமுன் கேட்கவேண்டியவை

இயந்திரம் வரம்பருகே வந்து நின்றதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஐந்து விடயங்களைப் பாருங்கள். நல்ல சாரதி இதற்குக் கோபிக்கமாட்டார். அவருக்கும் அடைப்பெடுக்கும் வேலை குறைகிறது.

ஒன்று, கத்தி. மழுங்கிய கத்தி தாளை வெட்டாமல் வேரோடு இழுக்கும். வேரோடு சேறும் போகும். உடைந்த பல் ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு வரிசை முழுவதும் தப்பிப் போகும்.

இரண்டு, றீலின் கம்பி விரல்கள். வளைந்தவையும் இல்லாதவையும் எத்தனை என்று எண்ணுங்கள். விழுந்த பயிரைத் தூக்குவது அவைதான்.

மூன்று, திருகு உருளையின் விரல்கள். தட்டில் சேரும் பயிரை உள்ளே தள்ளுபவை அவையாகையால், அவற்றில் சில உடைந்திருந்தால் பயிர் அங்கேயே உருண்டு உருண்டு கட்டியாகும். அவ்வுருளைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி அகன்றிருந்தால் கட்டையான பயிர் அதன் கீழே தங்கிவிடும். மிக ஒடுங்கியிருந்தால் பாரமான பயிர் நெருக்குண்டு அடைக்கும்.

நாலு, ஏற்றுச் சங்கிலி. தொய்ந்து போயிருந்தால் பயிரை ஒரே சீராக இழுக்காது.

ஐந்து, றீலின் இடமும் வேகமும். நிமிர்ந்த பயிரில் றீல் இயந்திரம் ஓடும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, கால் பங்கு அளவு கூடுதலாகச் சுழன்றால் போதும். விழுந்த பயிரில் அதனைத் தாழ்த்தி, கத்திக்கு முன்னே தள்ளி, விரல்கள் பின்பக்கம் சாய்ந்து வாரி எடுக்கும்படி வைக்கவேண்டும். சுழற்சி இன்னும் சற்றுக் கூடலாம். றீல் பயிரை முன்னே தள்ளிக்கொண்டு போனால் அது மெது. கதிரை அடித்து மணி தெறித்தால் அது வேகம். இரண்டையும் கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

அடுத்தது திசை. பொதுவாகப் பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக, அதாவது கதிர் எம்மை நோக்கி இருக்கும்படி, அல்லது குறுக்குச் சாய்வாக ஓட்டுவது நல்லது. அப்போது விரல்கள் கதிருக்குக் கீழே நுழைந்து தூக்கமுடியும். இதனால் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு மறுபக்கம் வெறுமனே திரும்பி வரவேண்டியும் நேரலாம். ஆயினும் காற்று ஒவ்வொரு வயலையும் ஒவ்வொரு விதமாகப் படுக்க வைக்கிறது. இரண்டு திசையிலும் பத்துப் பதினைந்து யார் ஓட்டி, சட்டத்தை வைத்து எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதே மேல்.

கத்தியின் முன்னே பொருத்தும் நீண்ட இரும்புத் தூக்கிகளும் உண்டு. கதிர் தரையோடு கிடக்கும்போது இவை கீழே நுழைந்து அதை உயர்த்திக் கொடுக்கும். தனியொருவர் வாங்கி வைத்திருப்பது வீண் செலவு. கமக்காரர் அமைப்பு ஒன்று தன் பகுதிக்கு வழமையாக வரும் இயந்திரத்துக்குப் பொருந்தும் ஒரு தொகுதியை வாங்கி வைத்திருந்தால் எல்லோருக்கும் உதவும்.

வயலும் தன் பங்கைச் செய்யவேண்டும்

எல்லாப் பழியையும் இயந்திரத்தில் போடுவது நியாயமல்ல. வீசி விதைக்கும்போது விதை கூடிப்போனால் பயிர் நெருங்கி, தாள் மெலிந்து, முதற் காற்றிலேயே விழும். பச்சை பார்க்கும் ஆசையில் கதிர் பருவத்துக்குக் கிட்டவாக யூரியா எறிந்தாலும் அப்படித்தான். 2021 இல் இரசாயன உரம் திடீரென்று நிறுத்தப்பட்டபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதற்காக, கிடைக்கும் காலத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடுவது அதற்குப் பரிகாரம் ஆகாது. மொட்டைக் கறுப்பன் போன்ற உயர்ந்து வளரும் நெல்லை விதைப்பவர்கள், அது விழக்கூடியது என்பதை மனதில் வைத்தே விதைக்கவேண்டும்.

வெட்டுக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்னரே தண்ணீரை வடித்துவிட வேண்டும். நிலம் இறுகினால் இயந்திரம் புதையாது; புதையாத இயந்திரத்தின் கத்திதான் ஒரே மட்டத்தில் ஓடும். கதிரில் நூற்றுக்கு 80 முதல் 85 மணி வரை பொன்னிறமானதும் வெட்டலாம். அப்போது மணியில் ஈரம் 20 முதல் 25 வீதம் வரை இருக்கும். அதற்கு மேலும் காத்திருந்தால் மணி உதிரும். வெட்டிய நெல்லை அன்றே காயவைக்கத் தொடங்கவேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை எதிர்பார்ப்பது 14 வீத ஈரம் என்பதையும் நினைவிற் கொள்க.

காலையில் பனி காயுமுன் இயந்திரத்தை இறக்கக் கூடாது. “ஆறு மணிக்கே தொடங்கினால் அடுத்த வயலுக்கும் போகலாம்” என்று அவசரப்படுத்துவார்கள். பனியில் நனைந்த வைக்கோல் வாயில் சுற்றி அடைத்தால், அதை எடுக்கும் நேரத்தில் பனி தானாகவே காய்ந்துவிடும். ஈரம் கூடிய இடங்களில் கதிர் தப்பாத அளவுக்குக் கத்தியைச் சற்று உயர்த்தி வெட்டினால் உள்ளே போகும் தாள் குறையும், அடைப்பும் குறையும்.

மூலைகளையும் வரம்போரத்தையும் முதலிலேயே கையால் வெட்டி வைத்தால் இயந்திரம் திரும்புமிடத்தில் பயிர் மிதிபடாது. வெட்டிய உப்பட்டிகளை இயந்திரம் வரும் வழியில் மெல்லியதாகப் பரப்பி விடுங்கள். ஒரு கட்டாகத் தூக்கி வாய்க்குள் போடவேண்டாம்.

கையை விட நெல் பெரிதல்ல

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடைத்த இயந்திரத்தை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் இழுத்து எடுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. உதவிக்கு நிற்பவர் பெரும்பாலும் எமது ஊர்ப் பொடியன்தான். திருகு உருளையின் விரல்களுக்குக் கையும் வைக்கோலும் ஒன்றுதான். அடைப்பு எடுப்பதென்றால் எஞ்சினை நிறுத்தவேண்டும். திறப்பைக் கழற்றி, எடுப்பவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுழன்றதெல்லாம் நின்ற பிறகே கை வைக்கவேண்டும். போரில் கைகால் இழந்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த சமூகம் நாம். சமாதானத்தில் விளைந்த வயலில் இன்னொரு கை போகக்கூடாது.

ஒப்பந்தத்தில் இருக்கிறது விடயம்

இவ்வளவையும் அறிந்திருந்தும் சொல்லமுடியாமல் நிற்பவர்கள் உண்டு. “கூடக் கதைச்சால் மெசினைத் திருப்பிக்கொண்டு போயிடுவாங்கள்” என்று ஒரு தாய் எம்மிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து விதைத்த ஒரு குடும்பம் தனியாக நின்று இயந்திரக்காரரோடு பேரம் பேச முடியாது. எமது காணி இன்னும் எம் கைக்கு வராமல், பிறர் காணியில் விதைப்போருக்கு அது இன்னும் கடினம்.

வாடகை முறையும் இதற்கு ஒரு காரணம். ஏக்கர்க் கணக்கில் கொடுத்தால் சாரதி எவ்வளவு விரைவாக முடிக்கிறாரோ அவ்வளவு இலாபம். மணிக்கணக்கில் கொடுத்தால் இழுத்தடித்தால் இலாபம். இரண்டிலுமே நெல் வீடு வருவது யாருக்கும் பொறுப்பில்லை. எமது கருத்தின்படி, ஏக்கர்க் கணக்கே இருக்கட்டும். ஆனால் விழுந்த பகுதிக்கு ஒரு கூடிய விலையை முன்கூட்டியே பேசி, அதற்குப் பதிலாக மூன்று நிபந்தனைகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ள வேண்டும்: முதல் ஓட்டம் சோதனை ஓட்டம். விழுந்த இடத்தில் வேகம் பாதி. பனி காய்ந்த பின்னரே தொடக்கம். கூடக் கொடுப்பதற்குத் தயங்கவேண்டாம். இயந்திரக்காரருக்கும் கடன் உண்டு, தவணை உண்டு. 2022 இல் டீசல் இல்லாமல் அவர்கள் பட்ட கஷ்டமும் சிறியதல்ல. நியாயமான கூலியைக் கொடுத்துவிட்டு நியாயமான வேலையைக் கேட்பது பிழையாகாது.

இதைத் தனியாகக் கேட்கமுடியாது, சேர்ந்து கேட்கலாம். ஒரு வெளியிலுள்ள பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரே வயதுள்ள நெல்லை ஒரே கிழமையில் விதைத்தால் ஒரே கிழமையில் வெட்டலாம். இடம் மாறி மாறி ஓடாமல் ஒரே இடத்தில் முப்பது ஏக்கர் கிடைக்கும் என்றால் இயந்திரக்காரர் எமது நிபந்தனையைக் கேட்பார். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் மாடு கட்டும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. வெட்டு இயந்திரத்தின் நிபந்தனைகளும் அதே கூட்டத்தில் தீர்மானமாகட்டும். விதைக்குமுன் பேசினால் பேரம். கதிர் விழுந்தபின் பேசினால் கெஞ்சல்.

ஒரு மறுப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காணியில்லாத இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அருவி வெட்டுக் கூலிதான் ஒருகாலத்தில் வருடத்தின் பெரிய வரும்படியாக இருந்தது. இயந்திரம் அதைப் பறித்துவிட்டது. மூலை வெட்டு, வரம்போர வெட்டு, நெல் காயவைத்தல் ஆகிய வேலைகளையாவது அவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்துக் கொடுப்போம். இழந்ததற்கு அது ஈடாகாது. ஆயினும் வயலுக்கு வந்து போகும் உறவாவது அறாமல் இருக்கும்.

பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற விதவைப் பெண் அந்நிய ஊரில் அறுவடைக்குப் பின்னே நடந்து கதிர் பொறுக்கிய கதையை நாம் அறிவோம். வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடவேண்டும் என்பது அந்த மக்களின் சட்டமாக இருந்தது. அங்கே வயலில் எஞ்சியது ஒருவர் மனமறிந்து விட்டது. இன்னொருவர் மடியில் சேர்ந்தது. இயந்திரம் சேற்றில் மிதித்துவிட்டுப் போகும் மணியை எந்த ரூத்தும் பொறுக்கமுடியாது. அது தருமமுமல்ல, வருமானமுமல்ல.

எத்தனையோ போகங்களை அறுக்காமல் விட்டு வந்தவர்கள் நாம். அப்போது எமக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. வருகின்ற போகத்தில் இயந்திரம் வரம்பருகே வந்து நிற்கும்போது, ஓரடிச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குவோம். முதல் ஓட்டத்தை நிறுத்தி எண்ணுவோம். எண்ணியதைப் பக்கத்து வயற்காரருக்கும் சொல்லுவோம்.